பிலடெல்பியா கலை அருங்காட்சியகம்: ஒரே நாளில் கட்டடத்தையும் மதுரை மண்டபத்தையும் எப்படிப் பார்ப்பது?

மேலமாசிவீதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் அடுத்த மாதம் நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் தங்கவிருக்கிறோம். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் எங்களுக்காக அவர்கள் விடுப்பு எடுக்கக்கூடிய நாட்கள் குறைவு. அவற்றில் ஒரு நாளைப் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கித் தரும்படி கேட்டிருக்கிறேன். மகளோ, "நியூயார்க் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது பிலடெல்பியா எதற்கப்பா?" என்கிறாள்.

காரணம் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது மதுரை மேலமாசி வீதியில். அங்குள்ள மதனகோபால சுவாமி கோயிலில் மார்கழி விடியலில் பொங்கலுக்கு வரிசையில் நின்ற பையன்களில் நானும் ஒருவன். அந்தக் கோயிலுக்குரிய ஒரு மண்டபத்தின் தூண்கள் அமெரிக்காவில் ஓர் அருங்காட்சியகத்துக்குள் நிற்கின்றன என்பது, பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. அன்றிலிருந்து ஒரு முறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் மனத்தை விட்டு அகலவில்லை.

என் மனைவிக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். அந்தக் கட்டடத்தின் முன்னால் மலைபோல் படிக்கட்டு இருப்பதைப் படங்களில் பார்த்து, "நான் கீழேயே உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டாள். படி ஏறாமல் உள்ளே போக வழி உண்டா? மண்டபத்தைத் தவிர, அந்தக் கட்டடத்தில் என்னைப் போன்ற, கட்டடக்கலையைப் பற்றி ஆர்வம் மட்டும் இருந்து படிப்பு இல்லாத ஒருவர் நின்று கவனிக்க வேண்டியவை எவை? கடைசியாக ஒன்று, இதைக் கேட்கவே சற்றுத் தயக்கமாக இருக்கிறது: நம் ஊர்த் தூண்களை அங்கே, அந்த நிலையில் பார்த்தவர்களுக்கு மனம் நிறைந்ததா, அல்லது வலித்ததா?

நதிக்கரைவாசி எழுதியது:

ஐயா, வணக்கம். நான் பிலடெல்பியாவின் புறநகரில் பதினைந்து ஆண்டுகளாக வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துப் போய்ப் பழகியதில் அந்தக் கட்டடத்தின் வாசல்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. முதலில் அம்மாவின் கவலையைத் தீர்த்துவிடலாம். நீங்கள் படத்தில் பார்த்தது கிழக்கு வாசலின் படிக்கட்டு, எழுபத்திரண்டு கற்படிகள். 1976இல் வந்த "ராக்கி" திரைப்படத்தில் குத்துச்சண்டை வீரன் ஓடி ஏறும் படிகள் அவைதாம் என்பதால், அருங்காட்சியகத்துக்குள் காலடியே வைக்காமல், படியேறி இரண்டு கைகளையும் உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர்கள் எந்நேரமும் அங்கே இருப்பார்கள். அம்மா அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை.

கட்டடத்தின் பின்புறம், அதாவது ஆற்றை நோக்கிய மேற்குப் பக்கத்தில், வண்டி வந்து நிற்கும் இடத்திலிருந்து படியேறாமல் நுழையும் வாசல் இருக்கிறது. மருமகன் உங்கள் இருவரையும் அங்கே இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போகலாம். ஆனால் என்னைக் கேட்டால் வடக்கு வாசலைத்தான் சொல்வேன். அது தெரு மட்டத்திலேயே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் கட்டடத்தின் அடிப்பகுதியை ஊடுருவிச் செல்லும் 640 அடி நீள நடைக்கூடம் ஒன்று வரும். மேலே முழுவதும் வளைகூரை. 1928இலேயே கட்டப்பட்டதுதான் என்றாலும், 1970களில் பொதுமக்களுக்கு மூடப்பட்டு, சரக்குகளை இறக்கி ஏற்றுவதற்கும் பிற உள்வேலைகளுக்கும் பயன்பட்டு வந்தது. 2019இல்தான் மறுபடியும் திறந்தார்கள். அங்கிருந்து மின்தூக்கியில் எல்லாத் தளங்களுக்கும் போகலாம். சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள். "எனக்கெதற்கு நாற்காலி" என்று என் அத்தை முறுக்கிக்கொண்டார். ஒரு மணி நேரம் நடந்த பிறகு அவரே கேட்டு வாங்கி உட்கார்ந்தார். ஆகவே தொடக்கத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது அதன் பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகவும் உதவும்.

நான் போய்வரும் இந்த ஆண்டுகளில் செவ்வாயும் புதனும் விடுமுறையாக இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மட்டும் இரவு வரை திறந்திருக்கிறது. வெள்ளி மாலையிலும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையிலும் விரும்பிய தொகையைக் கொடுத்து நுழையலாம், ஆனால் அந்த ஞாயிறுகளில் கூட்டம் அதிகம். இவையெல்லாம் மாறக்கூடியவை என்பதால் கிளம்புவதற்கு முந்தைய நாள் இணையதளத்தில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். வழக்கமான நுழைவுச்சீட்டு அடுத்தடுத்த இரண்டு நாட்களுக்குச் செல்லும் என்பதையும் மகளிடம் சொல்லி வையுங்கள். ஒரு நாளை இரண்டாக்க உதவலாம்.

மதுரை மண்டபம் மேல்தளத்தில் இருக்கிறது. அதைக் கடைசியாக வைத்துக்கொண்டு, முதலில் கீழிருந்து ஒவ்வொரு தளமாகப் பார்த்து ஏறுங்கள் என்பது என் யோசனை.

செங்கல்சூளை எழுதியது:

நான் கட்டடக்கலைஞன். படித்த காலத்தில் அந்த நகரத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். நதிக்கரைவாசி வழிகாட்டியது அம்மாவுக்கு மிகச் சரி. ஆனால், ஐயா, உங்கள் கால்கள் ஒத்துழைத்தால் நீங்கள் ஒரு முறையாவது முன்பக்கமாக ஏறிப் பாருங்கள். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குன்றின் பெயர் ஃபேர்மவுண்ட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரத்துக்குக் குடிநீர் வழங்கிய நீர்த்தேக்கம் அதன் உச்சியில் இருந்தது. ஸ்கூகில் ஆற்றின் கரையில் இருந்த நீரேற்று நிலையத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, அங்கிருந்து குழாய்களில் நகரத்துக்கு இறக்கினார்கள். அந்த நீரேற்று நிலையத்தின் வெள்ளைக் கட்டடங்கள் கிரேக்கக் கோயில்களைப் போன்ற தோற்றத்தில் இன்றும் அருங்காட்சியகத்தின் பின்னால் ஆற்றோரம் நிற்கின்றன. நீர்த்தேக்கம் பயனற்றுப்போன பிறகு, அதே உச்சியில் ஓர் அருங்காட்சியகம் எழுப்ப முடிவு செய்தார்கள். நகர மையத்தில் உள்ள நகர மன்றக் கட்டடத்திலிருந்து இந்தக் குன்று வரை ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்கு, நெருக்கமான தெருக்களைக் குறுக்காக வெட்டி, பாரிஸ் நகரத்துச் சாலையைப் போல அகன்ற நெடுஞ்சாலை ஒன்று அமைக்கப்பட்டது. அதன் வடிவத்தைத் தீர்மானித்தவர் ழாக் கிரேபர் என்ற பிரெஞ்சுக்காரர். ஊர் நடுவிலிருந்து தேர்வீதி நேராகக் கோயில் வாசலுக்குப் போவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு வாசல் வழியாக நுழைந்தால் இந்த நீண்ட நேர்க்கோட்டை உணரவே முடியாது. மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால்தான், சாலையின் மறு முனையில் நகர மன்றக் கோபுரமும் அதன் உச்சியில் நிற்கும், நகரத்தை நிறுவிய வில்லியம் பென்னின் சிலையும் உங்கள் கண்ணுக்கு நேராக வரும்.

கட்டடம் கட்டப்பட்ட கதை சுவையானது. 1919இல் வேலை தொடங்கியபோது, முதலில் நடுப்பகுதியைக் கட்டி முடித்தால், "இதுவே போதும், மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நகராட்சி கையை விரித்துவிடும் என்று பயந்து, இதை முன்னின்று நடத்திய ஈலை கிர்க் பிரைஸ் என்பவர் இரண்டு பக்கவாட்டுப் பகுதிகளையும் முதலில் எழுப்பிவிட்டார். நடுவில் வெற்றிடமும் இரு புறமும் இரண்டு கோயில்களுமாக நிற்கும் பழைய புகைப்படங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். அந்த அரைகுறைத் தோற்றத்தைச் சகிக்க முடியாமலாவது பணம் ஒதுக்கித்தானே தீர வேண்டும்! 1928இல் திறக்கும்போதும் உள்ளே பெரும்பகுதி முடிக்கப்படாமலே இருந்தது.

வடிவமைத்தது யார் என்று கேட்டால் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட பதில், ஹொரேஸ் ட்ரம்பாவரின் நிறுவனமும் ஸான்ட்ஸிங்கர், போரி, மெடரி நிறுவனமும் என்பதுதான். ட்ரம்பாவரின் அலுவலகத்தில் தலைமை வடிவமைப்பாளராக இருந்தவர் ஜூலியன் ஏபெல் என்ற கறுப்பினத்தவர். 1902இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பிரிவில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே. கட்டடத்தின் தரைத்திட்டத்தில் ஹவல் லூயிஸ் ஷே என்ற இன்னொருவருக்கும் பெரும் பங்கு உண்டு என்பதால் முழுவதும் ஏபெலுடையது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் உயிரோடு இருந்த காலத்தில் வரைபடங்களில் நிறுவனத்தின் பெயர்தான் இருந்ததே தவிர அவர் பெயர் ஊருக்குத் தெரியவில்லை. அருங்காட்சியகத்துக்கு வரும் அதே சாலையில் 1927இல் திறக்கப்பட்ட பொது நூலகக் கட்டடம் இருக்கிறது. அதிலும் அவர் கை உண்டு. காரில் கடக்கும்போது கவனியுங்கள்.

இப்போது கல்லைப் பாருங்கள். மின்னசோட்டா மாநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கசோட்டா என்னும் சுண்ணாம்புக்கல் அது. நல்ல மஞ்சளாக, மாலை வெயிலில் தேன் நிறமாகத் தெரியும். மேலே ஏறியதும் முற்றத்தின் வடக்குப் புறக் கட்டடத்தின் உச்சியில் உள்ள முக்கோண முகப்பைப் பாருங்கள். அதில் நீலமும் சிவப்பும் பொன்னுமாக, மெருகிட்ட சுடுமண்ணில் செய்த பதின்மூன்று கிரேக்கப் புராண உருவங்கள் நிற்கும். கார்ல் பால் ஜென்வைன் செய்து 1933இல் வைக்கப்பட்டவை. கிரேக்கக் கோயில் என்றால் வெள்ளைப் பளிங்கு என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, பழைய கோயில்கள் உண்மையில் வண்ணம் பூசப்பட்டவை என்று ஆய்வாளர்கள் சொன்னதை இவர்கள் செய்து காட்டினார்கள். கோபுரச் சுதைகளுக்கு வண்ணம் தீட்டிப் பார்த்துப் பழகிய மதுரைக்காரருக்கு இதில் வியப்பு இருக்காது. அமெரிக்கர்களுக்குத்தான் இன்றும் அது விநோதமாகத் தெரிகிறது. அப்படிப்பட்ட முக்கோணங்கள் கட்டடத்தில் எட்டு உண்டு. பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் பணம் வற்றிப்போனதால் மற்ற ஏழும் அன்றிலிருந்து காலியாகவே இருக்கின்றன.

உள்ளே 2021இல் முடிந்த புதுப்பித்தல் வேலையைச் செய்தவர் ஃபிராங்க் கேரி. ஸ்பெயினின் பில்பாவோ நகரத்தில் டைட்டேனியத் தகடுகளைக் காற்றில் பறக்கும் துணிபோல் வளைத்துக் கட்டிய அதே கேரி, இங்கே வெளியே ஒரு கல்லைக்கூடத் துருத்தவிடவில்லை. நடுவில் அடைத்துக்கொண்டிருந்த அரங்கத்தை அகற்றி, அந்த இடத்தில் உயரமான கூடம் ஒன்றையும் படிக்கட்டு ஒன்றையும் வைத்து, கீழ்த்தளத்தையும் மேல்தளங்களையும் இணைத்தார். புதிய சுவர்களுக்கும் அதே கசோட்டாக் கல்லையே பயன்படுத்தினார். 23 கோடியே 30 லட்சம் டாலர் செலவில் கண்ணுக்குத் தெரியாத வேலை. எனக்கு அவருடைய மற்ற கட்டடங்களைவிட இதுதான் பிடிக்கும் என்று சொன்னால் என் துறை நண்பர்கள் அடிக்க வருகிறார்கள்.

நதிக்கரைவாசி சொன்ன நடைக்கூடத்தில் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். மெல்லிய ஓடுகளைச் சிமெண்ட் கலவையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி வளைத்துக் கட்டும் முறை அது. ஸ்பெயினிலிருந்து வந்து குடியேறிய குவாஸ்தாவினோ குடும்பத்தார் அமெரிக்காவெங்கும் பரப்பியது. அவர்களுடைய வளைவுகள் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்திலும் உண்டு. மகளின் நியூயார்க் பயணத்தில் அதையும் சேர்த்துவிட்டால் அவருக்கும் சமாதானமாகிவிடும்.

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

மேலே இருவரும் சொன்னதை மறுக்கவில்லை, ஒன்றைத் தவிர. மண்டபத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளாதீர்கள். நான்கு மணி நேரம் ஓவியங்களைப் பார்த்துக் கண்ணும் காலும் சோர்ந்த பிறகு தூண்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். காலையில் நுழைந்ததும் மின்தூக்கியில் நேரே மேல்தளத்துக்குப் போய் மண்டபத்தைப் பார்த்துவிடுங்கள். அப்போது அங்கே ஆள் நடமாட்டமும் குறைவாக இருக்கும்.

மண்டபம் அங்கே போய்ச் சேர்ந்த கதையை ஐயா ஓரளவு அறிந்திருப்பீர்கள். அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பிலடெல்பியாவைச் சேர்ந்த அடலீன் பெப்பர் கிப்சன் என்ற பெண்மணி 1912இல் மதுரைக்கு வந்தபோது, அறுபதுக்கும் மேற்பட்ட சிற்பக் கற்களை மொத்தமாக விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றினார். அப்போது அவை மண்டபமாக நிற்கவில்லை, பிரித்துப் போடப்பட்ட கற்களாகவே கிடந்தன. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சுக்கு மருத்துவமனைப் பணிக்குச் சென்ற அவர் அங்கேயே இறந்துவிட்டார். 1919இல் அவருடைய குடும்பத்தினர் அவர் நினைவாக அந்தக் கற்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். ஏறத்தாழ 1560ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்று அருங்காட்சியகம் கணிக்கிறது. அதாவது நாயக்கர் ஆட்சியின் தொடக்க காலம், திருமலை நாயக்கருக்கு இரண்டு தலைமுறைகளுக்கு மேல் முந்தையது.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த நார்மன் பிரவுன் 1930களில் மதுரைக்கே வந்து தேடி, இவை மதனகோபால சுவாமி கோயிலுக்குரியவை என்று ஆராய்ந்து, 1940இல் ஒரு நூலே வெளியிட்டார். அதே காலத்தில்தான் புதிய கட்டடத்தில் மண்டபம் இப்போதுள்ள வடிவில் நிறுவப்பட்டது. இதற்குப் பின்னால் இருந்தவர் 1925 முதல் 1955 வரை இயக்குநராக இருந்த ஃபிஸ்க் கிம்பல். அவரே ஒரு கட்டடக்கலைஞர் என்பதால், ஓவியங்களைச் சுவரில் மாட்டி வைப்பதோடு நிற்காமல், அந்தந்த நாட்டு அறைகளையும் மண்டபங்களையுமே பெயர்த்துக் கொண்டுவந்து கட்டடத்துக்குள் கட்டடமாக வைக்க வேண்டும் என்று விரும்பினார். ஆகையால் நம் மண்டபத்திலிருந்து சில அறைகள் தள்ளிப் போனால் ஒரு ஜப்பானியத் தேநீர்க்குடிலும், பெய்ஜிங்கின் பிரபு மாளிகைக் கூடம் ஒன்றும், பிரெஞ்சு மடாலயம் ஒன்றின் தூண்களை வைத்து அமைத்த முற்றமும் வரும். இந்தத் திட்டத்தை அறிந்துகொண்டு பார்த்தால், மண்டபம் ஏன் அங்கே இருக்கிறது என்பது ஓரளவு விளங்கும்.

எதைப் பார்ப்பது? நடுவில் நடைபாதை, இரு புறமும் தூண்கள், தூண்களின் முகப்பில் ஏறத்தாழ ஆள் உயர உருவங்கள், மேலே சிம்மப் போதிகைகள் (உத்தரத்தைத் தாங்கும் சிங்க வடிவக் கற்கள்). கருடனையும் அனுமனையும் நீங்களே கண்டுகொள்வீர்கள். இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, தூண்களின் வரிசை அருங்காட்சியகத்தார் அமைத்தது. கற்கள் பிரிந்து கிடந்த நிலையில் வாங்கப்பட்டதால், எந்தத் தூணுக்கு எதிரே எந்தத் தூண் நின்றது என்பதை முழு உறுதியாகச் சொல்ல இயலாது. இரண்டாவது, வெளிச்சம். நம் ஊரில் இப்படிப்பட்ட தூணின் மேல் பக்கவாட்டிலிருந்து வெயில் விழும், உள்ளே போகப் போக இருள் கூடும். நாள் முழுவதும் நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். அங்கே விளக்கு ஒரே நிலையில் மேலிருந்து விழுகிறது. 2016இல் இப்பகுதியைச் சீரமைத்துத் திறந்தபோது ஒளியமைப்பை நன்றாகவே செய்திருந்தார்கள். இருந்தாலும் அது அறைக்குள்ளிருக்கும் வெளிச்சம்தான்.

மனம் நிறைந்ததா, வலித்ததா என்று கேட்டீர்கள். முதல் முறை வலித்தது. இரண்டாம் முறை ஒரு கைவிளக்கும் குறிப்பேடும் கொண்டு போனேன். காவலர் கைவிளக்கை அணைக்கச் சொன்னார், குறிப்பேட்டுக்குத் தடையில்லை. அன்று ஒரே ஒரு தூணை ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். மதுரையில் அவ்வளவு நேரம் ஒரு தூணின் முன் நின்றதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கோபுரவாசல் எழுதியது:

எல்லாரும் இவ்வளவு பக்குவமாகப் பேசுவது எனக்கு வியப்பளிக்கிறது. ஒரு கோயிலின் மண்டபத்தை ஒரு செல்வந்தர் வீட்டுப் பெண் விடுமுறைக்கு வந்த இடத்தில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். விற்றவருக்கு அதை விற்க உரிமை இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. சிலைகளைத் திருப்பிக் கொடுக்கும் இந்தக் காலத்தில் தூண்களையும் கேட்டுப் பெற வேண்டாமா?

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

கேள்வி நியாயமானது, நண்பரே. பதில்தான் எளிதாக இல்லை. ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலியா 2014இல் திருப்பிக் கொடுத்தது, அது பூட்டிய கோயிலிலிருந்து அண்மைக் காலத்தில் திருடப்பட்டு, போலி ஆவணங்களோடு விற்கப்பட்டது என்று மெய்ப்பிக்கப்பட்டதால். இங்கே நடந்தது 1912இல், வெளிப்படையாக நடந்த விற்பனை. பழம்பொருள்கள் நாட்டை விட்டு வெளியேறுவதைக் கட்டுப்படுத்துவதற்கென்றே தனிச் சட்டம் 1947இலும், இன்று நடைமுறையில் இருக்கும் சட்டம் 1972இலும்தான் வந்தன. ஆகவே சட்டத்தின் வழியாக இவற்றைக் கேட்பது மிகக் கடினம். விற்றவருக்குத் தார்மீக உரிமை இருந்ததா என்றால், எனக்கும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் பழைய மண்டபத்தைப் பிரித்துக் கற்களை ஓரமாகப் போட்டு வைத்தது நம்மவர்கள்தாம் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். இன்றும் எத்தனை கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் பழைய தூண்கள் வெளிப்பிராகாரத்தில் குப்பையோடு கிடக்கின்றன! ஐயாவின் கேள்வி பயணத்தைப் பற்றியது என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்; தனி இழை தொடங்கினால் வந்து பேசுகிறேன்.

மேலமாசிவீதி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. போன வெள்ளிக்கிழமை போய்விட்டு வந்தோம். அங்கே என்ன நடந்தது என்று எழுதுவது முறை என்பதால் எழுதுகிறேன்.

மருமகன் எங்களை வடக்கு வாசலில் இறக்கிவிட்டார். நடைக்கூடத்தின் வளைகூரையைப் பார்த்ததும் என் மனைவி, "நம் மதுரைப் புதுமண்டபத்தை முன்பிருந்த கடைகள் இல்லாமல் பார்த்தால் இப்படித்தான் இருக்கும்" என்றாள். புதுமண்டபத்தில் வளைவு ஏது என்று சொல்ல வாயெடுத்து, அவள் சொன்னது நீளத்தையும் குளிர்ச்சியையும் என்று புரிந்ததும் பேசாமல் இருந்துவிட்டேன். கல்வெட்டுப்பித்தன் சொன்னபடி நேரே மேல்தளத்துக்குப் போனோம்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது எங்களைத் தவிர ஒரு காவலர் மட்டுமே இருந்தார். நான் எதிர்பார்த்த வலி வரவில்லை, வந்தது குழப்பம். எல்லாம் தெரிந்ததாகவும் ஏதோ ஒன்று தவறாகவும் இருந்தது. அது என்னவென்று சொன்னவள் என் மனைவிதான். "தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் நிற்கிறமாதிரி இருக்கிறது" என்றாள். அதுதான். நம் ஊரில் ஆள் உயரத்துக்குள் இருக்கும் எந்தச் சிற்பமும் எண்ணெயும் விபூதியும் குங்குமமும் விளக்குப் புகையும் படிந்து கறுத்திருக்கும். முழங்காலும் பாதமும் தொட்டுத் தொட்டு வழவழவென்று தேய்ந்திருக்கும். இங்கே கல் சாம்பல் நிறமாக வெளுத்து, உளி பட்ட இடங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. ஓர் உருவத்தின் கால் பெருவிரல் நகத்தை, நகத்தின் ஓரத்துச் சதை உட்பட, செதுக்கியிருந்ததை அறுபத்தாறு வயதில் முதன்முறையாகக் கவனித்தேன். இப்படிப்பட்ட நகங்கள் மதுரையிலும் இருக்கத்தான் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

என் மனைவி சக்கர நாற்காலியை விட்டு எழுந்து, கையை அதன் பிடியில் வைத்துத் தள்ளிக்கொண்டே மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். வலமாகத்தான் சுற்றினாள்.

அதற்குப் பிறகு மகள் எங்களை விட்டுவிட்டு ஓவியங்களைப் பார்க்கப் போனாள். பிரெஞ்சு ஓவியர் செசானின் "குளிக்கும் பெண்கள்" ஓவியத்தின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள். இனி அவள் நியூயார்க்கைப் பற்றிப் பேச மாட்டாள் என்று நினைக்கிறேன். நான் மட்டும் செங்கல்சூளை சொன்னதற்காகப் பெரிய படிக்கட்டுக் கூடத்துக்கு இறங்கினேன். ரோமானியரின் வேட்டைத் தெய்வமான டயானாவின் பொன் பூசிய சிலை அங்கே வில்லோடு நின்றது. ஒரு காலத்தில் நியூயார்க்கில் ஒரு கட்டட உச்சியில் காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவள், கட்டடத்தை இடித்த பிறகு இங்கே வந்து சேர்ந்தவள் என்று அறிவிப்புப் பலகையில் படித்தேன். மண்டபம் மட்டுந்தான் இடம் பெயர்ந்தது என்று எண்ணிக்கொண்டு வந்தவனுக்கு அதைப் படித்ததும் ஏனோ சற்று ஆறுதலாக இருந்தது. மேலே வெள்ளைத் தகடுகளால் ஆன, கால்டர் என்ற சிற்பியின் தொங்கு சிற்பம் மிக மெதுவாகச் சுழன்றது. அதைச் செய்தவரின் தந்தை செய்த நீரூற்று வரும் வழியில் சாலை நடுவில் இருக்கிறது, பாட்டனார் செய்ததுதான் நகர மன்றக் கோபுரத்து உச்சியில் நிற்கும் சிலை என்று காவலர் விளக்கினார். ஒரே சாலையில் மூன்று தலைமுறைச் சிற்பிகள்! வெளியே வந்து பார்த்தேன். அந்தச் சிலை அவ்வளவு தொலைவிலும் தெரிந்தது. வண்ண முக்கோணத்தையும் பார்த்தேன். அழகர் கோயில் கோபுரத்துக்குப் புதிதாக வண்ணம் அடித்தால் இப்படித்தான் கண்ணைப் பறிக்கும். படிகளில் ஏறவில்லை, இறங்கினேன். கீழே ஒரு பையன் என்னை நிறுத்தி, தான் கைகளை உயர்த்துவதைப் படம் எடுத்துத் தரச் சொன்னான், எடுத்துக் கொடுத்தேன்.

கல்வெட்டுப்பித்தன் அவர்களுக்கு ஒரு கேள்வி. இரண்டு தூண்களின் அடிப்பகுதியைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பியதும் மேலமாசி வீதிக் கோயிலில், இப்போது மிஞ்சியிருக்கும் தூண்களின் அடிப்பகுதியோடு இவற்றின் அளவையும் வேலைப்பாட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன். எதை எதை அளக்க வேண்டும், எங்கே கவனிக்க வேண்டும் என்று சொன்னால், ஒரு தையற்காரரின் நாடாவும் என் பழைய குறிப்பேடும் போதும்.

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

ஐயா, அடிச்சதுரத்தின் நான்கு பக்கங்களையும் தனித்தனியே அளந்துகொள்ளுங்கள்; சமமாக இருக்கும் என்று எண்ணி ஒன்றை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். சதுரம் எண்பட்டையாக மாறும் இடத்தில் நாகபந்தம் (மூலையில் பாம்புப் படம் போன்ற செதுக்கல்) இருக்கிறதா, இருந்தால் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். தரைத்தளம் பிற்காலத்தில் உயர்த்தப்பட்டிருந்தால் அடிப்பகுதி சில அங்குலம் புதைந்திருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். படங்களை இங்கே போட்டால், என் குறிப்பேட்டில் உள்ள பிலடெல்பியா அளவுகளைப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.